ஒரு மணி நேர விளக்கணைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாதம் நெருங்கினாலே குடியிருப்புச் சங்கங்களிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் எர்த் ஹவர் விளக்கணைப்பு பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் கிளம்புகின்றன. ‘இதெல்லாம் வெறும் காட்சி’ என்பவர்களும் கேட்கிறார்கள், ‘மெயினையே இறக்கிடலாமா’ என்று ஆர்வத்தோடு வருபவர்களும் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்துத் தொகுத்தது இது. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

எர்த் ஹவர்னா என்ன? எப்போ, எத்தனை மணிக்கு அணைக்கணும்?

பருவநிலை மாற்றத்தின் மேல் கவனத்தைத் திருப்புவதற்காக, ஆண்டுக்கு ஒரு நாள் இரவு 8:30 முதல் 9:30 வரை அவசியமில்லாத விளக்குகளை எல்லோரும் சேர்ந்து அணைப்பது. அவரவர் ஊர்க் கடிகாரப்படிதான். அதனால் பசிபிக் தீவுகளில் தொடங்கும் இருட்டு, நேர மண்டலம் நேர மண்டலமாக மேற்கே நகர்ந்து போகும்.

டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆஸ்திரேலியப் பிரிவு 2007 மார்ச் 31 அன்று சிட்னியில் தொடங்கியது. அன்று நேரம் 7:30 முதல் 8:30. அடுத்த ஆண்டு மற்ற நாடுகளுக்குப் பரவியது, 2009 முதல் 8:30 என்று நிலைத்தது. இப்போது 180க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் நடக்கிறது.

வருஷா வருஷம் தேதி மாறுதே, ஏன்? மார்ச்சுல என்ன விசேஷம்?

வழக்கமாக மார்ச் கடைசிச் சனிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமையோடு மோதினால் ஒரு வாரம் முன்னால் போகும். 2018இல் 24, 2024இல் 23 என்று வந்தது அதனால்தான். 2025இல் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றே நடந்தது. எனவே பழைய சுவரொட்டியில் தேதியை மட்டும் மாற்றி அச்சடிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

மார்ச் 20ஐ ஒட்டிப் பகலும் இரவும் உலகம் முழுவதும் ஏறக்குறைய சமமாக இருக்கும். வட கோளத்திலும் தென் கோளத்திலும் சூரியன் மறையும் நேரம் நெருங்கி வருவதால், ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் 8:30க்கு இருட்டியிருக்கும். ஜூனிலோ டிசம்பரிலோ வைத்தால் பல நாடுகளில் வெளிச்சத்திலேயே விளக்கணைக்க வேண்டிவரும்.

ஒரு மணி நேரம் அணைச்சா எவ்வளவு கரன்ட் மிச்சமாகும்?

ஒரு வீட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்புகள் ஐந்து எரிவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 45 வாட். ஒரு மணி நேரத்துக்கு 0.045 யூனிட். நிலக்கரியை அதிகம் நம்பும் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று கணக்கிட்டால், தவிர்த்தது 32 கிராம். ஒன்றரை டன் ஏசி முழுவேகத்தில் இரண்டு நிமிடம் ஓடினால் அந்த 0.045 யூனிட் தீர்ந்துவிடும்.

60 வாட் குண்டு பல்பு இருந்த காலத்தில் இதே ஐந்து விளக்குக்கு 300 வாட் குறைந்திருக்கும். எல்.இ.டி. வந்தபிறகு விளக்கணைப்பின் நேரடி மிச்சம் இன்னும் சுருங்கிவிட்டது. இதை மறைத்துப் பிரசாரம் செய்வதில் பயனில்லை; கணக்குத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டால் மொத்த முயற்சியும் நம்பிக்கை இழக்கும்.

அப்போ இது வெறும் ஷோதானே?

மின்சேமிப்பாகப் பார்த்தால் சிறியதுதான். 10 நாடுகளிலிருந்து 274 அளவீடுகளைத் திரட்டி 2014இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த ஒரு மணி நேரத்தில் மின்தேவை சராசரியாக 4 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. சில இடங்களில் கூடவும் செய்திருக்கிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு 2007இல் பத்து லட்சத்தில் 384 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. விளக்கணைப்பு மட்டும் இதைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த நேரத்தில் கூடும் மக்களை வைத்து வேறு வேலை நடந்திருக்கிறது. ரஷ்யாவில் 2012இல் கடலில் எண்ணெய் மாசைத் தடுக்கும் சட்டம் கேட்டு இந்த இயக்கத்தின் வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் திரட்டப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சட்டம் வந்தது. அர்ஜென்டினாவில் 2013இல் சுமார் 34 லட்சம் ஹெக்டேர் கடற்பகுதியைக் காப்பகமாக்கும் கோரிக்கைக்கு இதே மேடை பயன்பட்டது, அதுவும் சட்டமானது. ஒரு கோரிக்கையோ ஓர் அளவீடோ இல்லாமல் விளக்கை மட்டும் அணைத்துப் போட்டால், ஆம், அது ஷோதான்.

ஊரே ஒரே நேரத்துல ஸ்விட்சைத் தட்டினா கிரிட் விழுந்துடாதா?

நியாயமான பயம். மின்கட்டமைப்பில் உற்பத்தியும் நுகர்வும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் அந்தச் சமநிலையைக் காட்டும் முள். மேட்டில் மிதித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவர் குதித்து இறங்கிவிட்டால் சைக்கிள் சட்டென்று வேகம் எடுக்குமே, அதுபோலச் சுமை திடீரென்று குறைந்தால் டர்பைன்கள் வேகம் கூடி அதிர்வெண் ஏறும். எல்லை மீறினால் பாதுகாப்பு ரிலேக்கள் எனும் தானியங்கி ஸ்விட்சுகள் இயந்திரங்களைக் கழற்றிவிடும், மின்தடை பரவும்.

இதுவரை நடந்த மிகப் பெரிய சோதனை பருவநிலைக்காக நடந்ததல்ல. 2020 ஏப்ரல் 5, கொரோனா ஊரடங்கின்போது, இந்தியா முழுவதும் இரவு 9 மணிக்கு 9 நிமிடம் வீட்டு விளக்குகள் அணைக்கப்பட்டன. 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறைந்தது 31,000 மெகாவாட்டுக்கு மேல். சுமார் 1,17,000 மெகாவாட்டாக இருந்த தேவை 86,000 அருகே இறங்கியது. ஆனாலும் அதிர்வெண் 49.70 முதல் 50.26 ஹெர்ட்ஸுக்குள் நின்றது. நிமிடக்கணக்கில் ஏற்றி இறக்கக்கூடிய நீர்மின் நிலையங்களை அதற்கெனத் தயாராக வைத்திருந்து, அவற்றில் மட்டும் 17,000 மெகாவாட்டுக்கு மேல் குறைத்ததுதான் காரணம்.

எர்த் ஹவரில் வீழ்ச்சி இதைவிட மிகச் சிறியது, எல்லோரும் ஒரே நொடியில் அணைப்பதும் இல்லை. தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால் உற்பத்தியையும் தேவையையும் சமன்செய்யும் சுமை அனுப்பு மையங்கள் கணித்துவைத்திருக்கும். ஒரு நகரம் முழுவதையும் திரட்டும் அளவுக்கு ஏற்பாடு செய்பவர்கள் மட்டும் மின்வாரியத்துக்கு ஒரு வாரம் முன்னதாக எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

நாம அணைச்சாலும் அனல் மின் நிலையம் ஓடிட்டுத்தானே இருக்கும்? நிலக்கரி எரியத்தானே செய்யும்?

பாதி சரி. நிலக்கரிக் கொதிகலனை ஒரு மணி நேரத்துக்காக அணைத்து ஏற்ற முடியாது. குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே இறக்கவும் முடியாது. முதலில் குறைவது நீர்மின்சாரமும் எரிவாயு நிலையங்களும்தான். தேக்கிய நீர் அப்படியே மிஞ்சி வேறு நேரத்தில் மின்சாரமாகும் என்பதால் அது வீணல்ல, ஆனால் ‘அந்த ஒரு மணி நேரத்தில் இத்தனை டன் நிலக்கரி மிச்சம்’ என்று பெருக்கிச் சொல்வது தவறு.

தினமும் தவறாமல் குறையும் சுமைக்கு விளைவு வேறு. அடுத்த நாள் உற்பத்தி அட்டவணையிலேயே அது கழிக்கப்படும். வருடக்கணக்கில் நீடித்தால் புதிய நிலையம் கட்டும் முடிவையே தள்ளிப்போடும்.

மெயின் ஸ்விட்சையே ஆஃப் பண்ணிடலாமா? அதுதானே முழு ஈடுபாடு?

வேண்டாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை இறக்கிய நொடியே அது மின்தடை என்று எண்ணி பேட்டரியிலிருந்து விசிறிக்கும் விளக்குக்கும் கொடுக்கத் தொடங்கும். பிறகு பேட்டரியை நிரப்ப, எடுத்ததைவிட அதிக மின்சாரம் தேவை. லெட் ஆசிட் பேட்டரியில் போக வர இழப்பு கால் பங்கைத் தாண்டுவது சாதாரணம். மிச்சப்படுத்தப் போய்க் கூடுதலாகச் செலவழிப்பீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ஏசி, ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர்களை மெயினில் வெட்டி உடனே மீண்டும் கொடுப்பதும் கெடுதல். உள்ளே அழுத்தம் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். ஏசியை ரிமோட்டில் அணையுங்கள். ஃப்ரிட்ஜைத் தொடவே வேண்டாம்.

எதையெல்லாம் அணைக்கவே கூடாது?

படிக்கட்டு விளக்கு, அவசர வழிப் பலகை, லிஃப்ட், தீ எச்சரிக்கை, ஆக்சிஜன் கருவி போன்ற மருத்துவச் சாதனங்கள், பாதுகாப்புக் கேமரா. உயரக் கட்டடங்களிலும் கோபுரங்களிலும் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு விமானங்களுக்கானது. முகப்பு விளக்கை அணைக்கும் உற்சாகத்தில் அதையும் சேர்த்து அணைத்துவிடக் கூடாது. தெருவிளக்கு அணைக்கும் யோசனையும் வேண்டாம். இருட்டில் ஒருவர் விழுந்தாலும், ஒரு பெண் பயந்து நடந்தாலும், மறு ஆண்டு யாரும் கூட வர மாட்டார்கள்.

மெழுகுவத்தி ஏத்தி உட்காரலாமா?

படத்துக்கு அழகு, கணக்குக்கு மோசம். ஒரு சாதாரண மெழுகுவத்தி மணிக்கு 6 கிராம் அளவுக்கு பாரஃபின் எரிக்கும். பாரஃபின் பெட்ரோலியப் பொருள். 1 கிராம் எரிந்தால் சுமார் 3 கிராம் கார்பன் டை ஆக்சைடு. ஆக மணிக்கு 18 கிராமுக்கு மேல். முன்பு சொன்ன 700 கிராம் கணக்கில் 9 வாட் எல்.இ.டி. பல்பு விடுவது 6 கிராம்தான், தருவதோ அறுபது எழுபது மெழுகுவத்தியின் வெளிச்சம்.

நடுவில் ஒன்று ஏற்றிச் சுற்றி உட்காருவதில் குற்றமில்லை. திரைச்சீலை, காகிதத் தோரணம், குழந்தைகளின் கை ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, தட்டில் நிற்கவையுங்கள். பொது நிகழ்ச்சியில் நூறு குழந்தைகள் கையில் மெழுகுவத்தி கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். முடிக்கும் பாலியெஸ்டர் உடைக்கும் தீ பிடிக்க ஒரு நொடி போதும்.

டிவி, வைஃபை, போன் எல்லாம்?

டிவியை அணைப்பது ஐந்து பல்பை அணைப்பதைவிடப் பெரியது. பெரிய திரை 100 வாட்டைத் தாண்டும். வைஃபை ரூட்டர் 10 வாட்டுக்குள். போன் எடுக்கும் மின்சாரம் அற்பம், ஆனால் இருட்டில் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கூடியதற்குப் பொருள் இல்லை.

திரையைக் கறுப்பாக்கினால் மின்சாரம் மிச்சம் என்ற பேச்சும் உண்டு. ஓஎல்இடி திரையில் உண்மை. எல்.சி.டி. திரையில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டிருக்கும் என்பதால் பெரிதாக எதுவும் குறையாது.

அணைச்சு அணைச்சுப் போட்டா பல்பு சீக்கிரம் போயிடாதா? ஸ்டார்ட் ஆக அதிக கரன்ட் இழுக்குமாமே?

எல்.இ.டி.க்கு இது பொருந்தாது. பழைய ட்யூப்லைட்டுக்கும் சி.எஃப்.எல்.லுக்கும் அடிக்கடி அணைத்துப் போடுவது ஆயுளைக் குறைக்கும், ஆனால் ஒரு இரவில் ஒரு முறை அணைப்பதால் எதுவும் ஆகாது. தொடக்கத்தில் இழுக்கும் கூடுதல் மின்சாரம் நொடியின் ஒரு பகுதியில் முடிந்துவிடும்.

எங்க அபார்ட்மென்ட்ல நடத்தணும். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

மூன்று வாரம் முன்பு எலக்ட்ரீஷியனோடு பொது மின்பலகை முன் நின்று, ஒவ்வொரு பிரேக்கரும் எதற்குப் போகிறது என்று எழுதுங்கள். பல கட்டடங்களில் பெயர்ச்சீட்டு தவறாகத்தான் இருக்கும். தோட்டவிளக்கும் படிக்கட்டு விளக்கும் ஒரே பிரேக்கரில் இருந்தால் அதைத் தொடாதீர்கள்; தோட்டவிளக்கை அதன் தனி ஸ்விட்சில் அணையுங்கள். அணைக்க வேண்டிய பிரேக்கர்களில் மஞ்சள் ஸ்டிக்கர், தொடக்கூடாதவற்றில் சிவப்பு.

ஒரு வாரம் முன்பு வீடு வீடாகச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் முதியோர், கைக்குழந்தை உள்ள வீடு, அன்று விழா வைத்திருக்கும் வீடு ஆகியவற்றை வற்புறுத்த வேண்டாம். அணைக்காத வீட்டைப் படமெடுத்துக் குழுவில் போடும் பழக்கம் அசிங்கம், அதை முதல் அறிவிப்பிலேயே தடுத்துவிடுங்கள். அன்று இரவு 8:20க்குத் தளத்துக்கு ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். மொட்டை மாடியில் கூடுவதாக இருந்தால் கைப்பிடிச்சுவர் உயரத்தையும் தண்ணீர்க் குழாய்கள் தடுக்கும் இடங்களையும் பகலிலேயே பாருங்கள்.

ஜெனரேட்டர் வைத்து ஒலிபெருக்கி, மேடை விளக்கு என்று போகாதீர்கள். 1 லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவுக்கு கார்பன் டை ஆக்சைடு. கிடைப்பது மூன்று யூனிட் சுமார்.

போன தடவை அணைச்ச முகப்பு விளக்கு பத்து நிமிஷத்துல தானா எரிஞ்சுடுச்சு. ஏன்?

ஸ்விட்சை அணைத்திருப்பார்கள், கட்டுப்பாடு வேறு இடத்தில் இருந்திருக்கும். முகப்பு விளக்குகள் பெரும்பாலும் டைமரிலோ ஒளி உணரியிலோ இயங்கும். டைமரை ‘மேனுவல்’ நிலைக்கு மாற்றாமல், அது இயக்கும் மின்காந்த ஸ்விட்சான கான்டாக்டரை மட்டும் விடுவித்தால், அடுத்த கட்டளையில் அது திரும்ப இழுத்துக்கொள்ளும். பிரேக்கரையே இறக்குவதுதான் உறுதியான வழி. முள் வைத்த டைமரென்றால் மின்சாரம் போன நேரம் அளவு பின்தங்கிவிடும். மறுநாள் மணியைச் சரிசெய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் ஆண்டு முழுவதும் விடிந்தபிறகும் ஒரு மணி நேரம் வீணாக எரியும்.

எவ்வளவு குறைஞ்சதுன்னு வீட்டுலயே எப்படி அளக்கிறது?

மீட்டரில் யூனிட் எண்ணைப் பார்த்தால் ஒரு மணி நேர மாற்றம் சரியாகத் தெரியாது. மீட்டர் முகப்பில் மினுக்கும் சிறு சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்பது பரவலானது, உங்களுடையதில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிடத்தில் மினுக்குவதை எண்ணி, 60ஆல் பெருக்கி, 3200ஆல் வகுத்தால் கிலோவாட். 8 முறை மினுக்கினால் 0.15 கிலோவாட், அதாவது 150 வாட். மெதுவாக மினுக்கினால் இரண்டு மினுக்குக்கு இடையிலான நொடிகளைக் கணக்கிட்டு 1125ஐ (36 லட்சத்தை 3200ஆல் வகுத்து வந்தது) அதனால் வகுங்கள். 22 நொடி என்றால் சுமார் 50 வாட். 8:25க்கு ஒரு முறை, 8:40க்கு ஒரு முறை, 9 மணிக்கு ஒரு முறை எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும் என்பதால் ஒரே அளவீட்டை நம்ப முடியாது.

எல்லாத்தையும் அணைச்ச பிறகும் மீட்டர் மினுக்குதே, ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. அந்த இரவில் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதே இதைத்தான். செட்டாப் பாக்ஸ், ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் ஏசி, பேட்டரி நிரம்பியபின்னும் இழுக்கும் இன்வெர்ட்டர், வெந்நீர்த் தொட்டி, கதவு ரப்பர் தளர்ந்ததால் ஓய்வில்லாமல் ஓடும் ஃப்ரிட்ஜ்: இவை ஆண்டின் 8,760 மணி நேரமும் இழுக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கி மினுக்கின் இடைவெளி நீளுகிறதா என்று பாருங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். எளிதாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது.

இப்படி 50 வாட் கண்டுபிடித்து நிறுத்தினால் ஆண்டுக்கு 438 யூனிட், 700 கிராம் கணக்கில் 300 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. ஐந்து பல்பை ஒரு மணி நேரம் அணைத்ததைப்போல ஏறக்குறைய 9,700 மடங்கு. இருட்டில் உட்கார்ந்து எண்ண ஒரு மணி நேரம் கிடைப்பதுதான் இந்த விளக்கணைப்பில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் பெரிய லாபம் என்று உறுதியாகச் சொல்வோம்.

9:30க்கு எல்லாத்தையும் டக்குனு போடலாமா?

வீட்டளவில் பிரச்சினை இல்லை. அபார்ட்மென்ட்டில் பொதுவிளக்கு, மோட்டார், வீட்டு ஏசிகள் எல்லாம் ஒரே நிமிடத்தில் ஏறினால் மெயின் பிரேக்கர் தட்டிவிடலாம். முதலில் நடைபாதை, ஐந்து நிமிடம் கழித்து முகப்பு, மோட்டார் 9:45க்குப் பிறகு. முகப்பை அன்று இரவு போடாமலே விட்டுவிட முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் யாருக்கும் குறை தெரியாது. இடம்பெயரும் பறவைகள் இரவில் ஒளிவீசும் கட்டடங்களில் மோதிச் சாவதும், பூச்சிகள் விளக்கைச் சுற்றிச் சுற்றி ஓய்வதும் குறையும்.

எங்க வீட்ல சோலார் இருக்கு. நாங்களும் அணைக்கணுமா?

பேட்டரி இல்லாத கூரைச் சோலார் இரவில் எதுவும் தராது. 8:30க்கு நீங்கள் எடுப்பதும் கிரிட் மின்சாரம்தான். எனவே மீட்டர் மினுக்கை எண்ணிப் பார்க்கும் வேலை உங்களுக்கும் உண்டு.

உலகத்துல கரன்ட்டே இல்லாதவங்க கோடிக்கணக்குல இருக்காங்க. நாம விளக்கை அணைச்சு விளையாடுறது நியாயமா?

60 கோடிக்கும் அதிகமானோர் இன்றும் மின்சாரம் இல்லாமல் வாழ்கிறார்கள். பிரசவம் பார்க்கும் அறையில் விளக்கு இல்லாத கொடுமை அவர்களுடையது. அதனால்தான் இருட்டை நல்லது என்று போற்றும் வாசகங்கள் கூடாது. மின்சாரம் வரம், அது நிலக்கரியில் தொங்கிக்கொண்டிருப்பதும், தேவையில்லாத இடத்தில் கொட்டப்படுவதுமே குற்றம். வெப்ப அலையும் வெள்ளமும் முதலில் தாக்குவது மிகக் குறைவாக மின்சாரம் பயன்படுத்துபவர்களையே. நிகழ்ச்சியில் பேசுபவர்கள் இந்த வரிசையை மாற்றிச் சொல்லக் கூடாது.

எங்க கம்பெனி வாசல் விளக்கை அணைச்சு போட்டோ போடும், உள்ள ஏசி ராத்திரி முழுக்க ஓடும். கலந்துக்கலாமா, புறக்கணிக்கலாமா?

கலந்துகொள்ளுங்கள், கையில் ஓர் எண்ணோடு. பெரிய கட்டடங்களின் மீட்டர் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு முறை சுமையைப் பதிவு செய்யும். பராமரிப்புப் பிரிவிடம் ஒரு வாரத்துப் பதிவைக் கேளுங்கள். ஆள் இல்லாத அதிகாலை 2 மணிச் சுமை, வேலை நேரச் சுமையில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பாதிக்கு மேல் இருந்தால் ஏசியின் கால அட்டவணை சரியாக அமைக்கப்படவில்லை என்பதற்கான முதல் சந்தேகம் அது. சர்வர் அறைக்குத் தேவையானதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இரவு 2 மணிச் சுமையை அடுத்த மார்ச்சுக்குள் எவ்வளவு குறைப்பீர்கள், ஏசியின் அளவை எத்தனை டிகிரி உயர்த்துவீர்கள், இதற்குப் பொறுப்பு யார். புகைப்படத்தோடு அந்தச் சுமை எண்ணையும் வெளியிடச் சொல்லுங்கள். மறு ஆண்டு அதே பதிவின் கீழ் புதிய எண்ணைக் கேட்கும் உரிமை அப்போது உங்களுக்கு வந்துவிடும்.